அதிமதுரக் கஷாயமும் அப்பாவின் கால் எரிச்சலும்

கேள்வி: எனக்கு திசையன்விளை பக்கம் ஒரு கிராமம். விலங்கியல் முதுகலை படிக்கிறேன். அப்பா பனையேறி. இரண்டு வருஷத்துக்கு முன்னால், பதநீர் சீசனில் காலில் மாட்டி ஏறும் தளைநார் அறுந்து விழுந்து முதுகெலும்பு முறிந்துவிட்டது. தண்டுவடத்தில் அடி, டி-10 மட்டம், அதாவது மார்புப் பகுதியின் பத்தாவது மட்டம் என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழே தொட்டால் தெரியாது, கால் அசையாது. ஆனால் இடது காலில் தீயை வைத்தது போல எரிகிறது என்பார். இரண்டு மாதமாக வலது காலிலும் எரிச்சல். தொப்புளுக்கு மேலேயும் இரண்டு விரல்கடை மரத்துப்போயிருக்கிறதாம். நரம்பு வலிக்குக் காபாபென்டின் மாத்திரை கொடுத்தார்கள், தூக்கமாக வருகிறது என்று விட்டுவிட்டார். தண்டுவடத்தில் நரம்புச் செல்களுக்குத் துணையாக இருக்கும் கிளியல் செல்கள் ஒன்றுக்கொன்று தொடர்புகொண்டு வலியைப் பரப்புகின்றன, அந்தத் தொடர்பை அறுக்கும் மருந்து அதிமதுரத்தில் இருக்கிறது என்று ஒரு வீடியோ வந்தது. பக்கத்துப் பக்கத்துச் செல்களை இணைக்கும் கேப் ஜங்ஷன் பற்றிப் பாடத்தில் படித்திருப்பதால் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு மாதமாகக் காலை மாலை கஷாயம் கொடுக்கிறோம். பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிறார். எரிச்சல் குறையவில்லை. இப்போதெல்லாம் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுவதற்குள் கை சோர்ந்துவிடுகிறது என்கிறார். அம்மா ராத்திரியில் வெந்நீர்ப் பை வைத்து ஒத்தடம் கொடுக்கிறாள். சொந்தக்காரர்கள், 'உணர்ச்சியே இல்லாத காலில் வலி எப்படி வரும், எல்லாம் மனசுதான்' என்கிறார்கள். கஷாயத்தைத் தொடரலாமா டாக்டர்?

பதில்: கஷாயத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள் அம்மா. நாளைக் காலையிலேயே பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அப்பாவைக் கூட்டிப்போய் ரத்த அழுத்தம் பாருங்கள், ரத்தத்தில் பொட்டாசியம் பரிசோதியுங்கள், ஓர் ஈசிஜியும் எடுத்துவிடுங்கள். மீதியைப் பிறகு பேசலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது கால் எரிச்சல் அல்ல, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கைச் சோர்வு. டி-10 மட்டத்தில் அடிபட்டவருக்குக் கை சோர வேண்டிய காரணமே இல்லை. கைக்கான நரம்புகள் கழுத்திலிருந்தும் மார்பின் முதல் மட்டத்திலிருந்தும் புறப்படுகின்றன. அடிபட்ட இடம் அதற்கு வெகு கீழே. அதுவும் காலமெல்லாம் பனை ஏறிய கை. அது சோர்கிறது என்றால் புதிதாக ஏதோ நடக்கிறது. முதல் சந்தேகம் கஷாயத்தின் மேல்தான்.

அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் உடலுக்குள் போனதும் சிறுநீரகத்திலுள்ள ஒரு நொதியை முடக்குகிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் அங்கே வேலை செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த நொதியின் பொறுப்பு. அது முடங்கினால் கார்டிசால் புகுந்து, உப்பைத் தேக்கிவைக்கும் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தானே செய்யத் தொடங்கிவிடும். உப்பும் நீரும் உடலில் தங்கும். பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். ரத்த அழுத்தம் ஏறும், தசை தளரும், மோசமானால் இதயத் துடிப்பு தாளம் தப்பும். நாளுக்கு 100 மில்லிகிராம் கிளிசிரைசிக் அமிலம் (கிளிசிரைசினின் இன்னொரு பெயர்) வரை பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் வராது என்று உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு 2005-இல் சொன்னது. வேரில் அது மூன்று சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் 10 கிராம் வேரில் 300 மில்லிகிராம் இருக்கும். நீங்கள் சுண்டக் காய்ச்சி இரண்டு வேளை கொடுத்திருக்கிறீர்கள், ஒரு மாதமாக.

பிரஷர் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படித்துப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருந்தால் அது நீர் பிரியவைக்கும் மருந்து. அதுவும் பொட்டாசியத்தை வெளியேற்றும். அட்டையை டாக்டரிடம் காட்டுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். கஷாயத்தை விட்ட பிறகும் அதன் விளைவு ஒன்றிரண்டு வாரம் இழுக்கும் என்பதால் பொட்டாசியத்தை மறுபடியும் ஒரு தடவை பார்க்க வேண்டியிருக்கும். அளவு 3.5-க்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் சிகிச்சை எடுக்க வேண்டும்.

நான் சித்த மருத்துவத்தின் மேல் பழி போடவில்லை. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-இலிருந்து நடக்கிறது. அங்கே போயிருந்தால் பிரஷர் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டிருப்பார்கள். வீடியோ யாரையும் எதுவும் கேட்பதில்லை.

சரி, அந்த வீடியோ சொன்னது முழுப் பொய்யா? பொய்யாக இருந்தால் விலங்கியல் படிக்கும் நீங்கள் நம்பியிருக்க மாட்டீர்கள். அதில் பாதி உண்மை.

தண்டுவடத்தில் நரம்புச் செல்களைச் சுற்றி ஆஸ்ட்ரோசைட், ஒலிகோடெண்ட்ரோசைட், மைக்ரோகிளியா என்று கிளியல் செல்கள் நிறைந்திருக்கின்றன. இவற்றில் ஆஸ்ட்ரோசைட்டுகள் தனித்தனியாக இருந்தாலும் தனித்து வாழ்வதில்லை. ஆறு கனெக்சின் புரதங்கள் வட்டமாகக் கூடி ஒரு செல்லின் சவ்வில் அரைக்குழாய் ஒன்றை அமைக்கும். பக்கத்துச் செல்லின் அரைக்குழாய் அதோடு நேர்கோட்டில் பொருந்தினால் முழுக்குழாய், அதாவது கேப் ஜங்ஷனின் ஒரு கால்வாய். ஏறக்குறைய 1000 டால்டன் வரை எடையுள்ள சிறு மூலக்கூறுகள் அதில் போய்வரும். பொட்டாசியம் போகும், 180 டால்டன் எடையுள்ள குளுக்கோஸ் போகும், கால்சியம் அலையைத் தூண்டும் ஐபி3 போகும், புரதங்கள் போகாது. ஆஸ்ட்ரோசைட்டில் முக்கியமானது கனெக்சின் 43. கூடவே கனெக்சின் 30-ம் உண்டு. ஒலிகோடெண்ட்ரோசைட்டில் 47-ம் 32-ம். இதில் எனக்கு இன்னும் அலுக்காத விஷயம், ஒரு கனெக்சின் புரதத்தின் ஆயுள் சில மணி நேரம்தான் என்பது. காலையில் இருந்த குழாய்களில் பெரும்பகுதி ராத்திரிக்குள் கழற்றப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டிருக்கும்.

இந்தக் குழாய்கள் எதற்கு? நம் பக்கத்துக் குளங்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குளம் பெருகினால் மறுகால் பாய்ந்து உபரித் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும், அது நிறைந்தால் அதற்கடுத்ததற்கு. நரம்பு துடிக்கும்போதெல்லாம் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது. அங்கேயே தேங்கினால் பக்கத்து நரம்புகள் காரணமில்லாமல் துடிக்கத் தொடங்கும். ஆஸ்ட்ரோசைட் அதை உறிஞ்சி, குழாய் வழியாக அடுத்தடுத்த செல்களுக்குக் கடத்திப் பரப்பிவிடுகிறது. கிளியல் செல்கள் பொட்டாசியத்துக்கு இப்படி வடிகாலாக இருக்கலாம் என்ற எண்ணம் 1966-இல் ஆர்க்கண்ட், நிக்கல்ஸ், குஃப்ளர் மூவரும் செய்த ஆய்விலிருந்து வளர்ந்தது. கால்சியம் அலையும் இதே வழியில்தான் பரவுகிறது, ஆனால் மெதுவாக: நொடிக்குச் சுமார் 20 மைக்ரோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைக் கடக்க முக்கால் நிமிடத்துக்கு மேல் ஆகும்.

அடிபட்ட தண்டுவடத்தில் கதை மாறுகிறது. பக்கத்துச் செல்லோடு பொருந்தாமல் நிற்கும் அரைக்குழாய்கள் சாதாரணமாகப் பெரும்பாலும் மூடியே இருக்கும். காயம், ரத்த ஓட்டக் குறைவு, அழற்சி வந்தால் அவை திறந்துகொள்கின்றன. அடுத்த குளத்துக்குப் போக வேண்டிய தண்ணீர் கரை உடைந்து வயலுக்குள் பாய்கிற நிலைமை. செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி, நரம்பைத் தூண்டும் குளுட்டமேட் எல்லாம் வெளியே கொட்டுகின்றன. ஏடிபி, காவல் வேலை பார்க்கும் மைக்ரோகிளியாவை உசுப்புகிறது. அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. வலி நரம்புகள் சின்னத் தூண்டலுக்கும் பெரிதாகத் துடிக்கின்றன. தண்டுவடம் அடிபட்ட சுண்டெலிகளில், கனெக்சின் 43-ம் 30-ம் இரண்டும் மரபணு அளவிலேயே நீக்கப்பட்டவற்றுக்கு நாட்பட்ட நரம்பு வலி உருவாகவில்லை என்று 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. 30 மட்டும் இல்லாதவற்றுக்கு வலி வந்தது. ஆக, குற்றவாளி 43 என்று சந்தேகம் வலுத்தது.

வீடியோவில் அதிமதுரம் நுழைந்தது கார்பெனாக்சலோன் வழியாக. அதிமதுரத்திலிருந்து கிடைக்கும் அமிலத்தை வேதிமாற்றம் செய்து உண்டாக்கிய மருந்து அது. 1960-களில் இங்கிலாந்தில் வயிற்றுப்புண்ணுக்குக் கொடுத்தார்கள்; பிரஷர் ஏறுவது, பொட்டாசியம் இறங்குவது என்ற தொல்லைகளாலும், நல்ல மாற்று மருந்துகள் வந்ததாலும் வழக்கொழிந்தது. கேப் ஜங்ஷனை அது அடைக்கும் என்று பின்னால் தெரியவந்ததும் ஆய்வுக்கூடத்தில் மறுவாழ்வு கிடைத்தது. எலியின் ஒரு பக்கத்துக் கால் நரம்பில் அழற்சியை உண்டாக்கினால் சில சமயம் அடிபடாத மற்றக் காலிலும் வலி வரும். 2004-இல் வந்த ஓர் ஆய்வில் கார்பெனாக்சலோனைத் தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீரில் நேரடியாகச் செலுத்தினார்கள். அந்த மற்றக் காலின் வலி அடங்கியது. உங்கள் அப்பாவுக்கும் இடதிலிருந்து வலதுக்கு எரிச்சல் பரவியதால், இதைக் கேட்டதும் உங்களுக்குப் பளிச்சென்று பட்டிருக்கும்.

அதே ஆய்வின் மறுபாதியை வீடியோ சொல்லவில்லை: அழற்சி உண்டாக்கிய காலின் வலி அப்படியேதான் இருந்தது. அப்புறம், தண்டுவட நீரில் ஊசி போட்டதும் அடுப்பில் காய்ச்சிய வேரும் ஒன்றல்ல. குடித்தது குடலிலும் ஈரலிலும் மாறி, ரத்தத்தில் கலந்து, மூளை தண்டுவடத்தின் தடுப்பைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். கார்பெனாக்சலோனே அந்தத் தடுப்பைச் சரியாகத் தாண்டுவதில்லை. சிறுநீரகத்துக்கு அப்படி ஒரு தடுப்பும் இல்லை. அதனால் தண்டுவடத்துக்குப் போக வேண்டிய மருந்து சிறுநீரகத்தில் வேலையைக் காட்டுகிறது.

இன்னொன்றையும் யோசியுங்கள். எப்படியோ தடுப்பைத் தாண்டி எல்லாக் குழாயையும் அடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கனெக்சின் 43 ஆஸ்ட்ரோசைட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இதயத்தின் கீழறைத் தசைச் செல்கள் ஒரே தாளத்தில் சுருங்குவது அதே புரதத்தின் தயவில். கனெக்சின் 32-ம் 47-ம் இரண்டுமே இல்லாமல் பிறக்கும் சுண்டெலிகளுக்கு நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் உறை சிதைந்து சில வாரங்களிலேயே சாவு. மனிதர்களில் கனெக்சின் 32 மரபணு கெட்டால் சார்கோ-மேரி-டூத் என்ற கை கால் நரம்பு நோயில் ஒரு வகை வருகிறது, 1993-இல் கண்டுபிடித்தார்கள். பிறவியிலேயே காது கேளாமைக்கு அதிகமாகக் காணப்படும் மரபணுக் காரணங்களில் ஒன்று கனெக்சின் 26. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி நூறு வருஷத்துக்கு மேல் நடக்கும் ஊர்க்காரன் என்பதாலும், சொந்தத்துக்குள் கல்யாணம் நிறையப் பார்த்தவன் என்பதாலும் இதை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை. இந்தக் குடும்பத்துப் புரதங்கள் மொத்தத்தையும் அடைப்பது வைத்தியம் ஆகாது. முழுக்குழாயை விட்டுவிட்டு, திறந்துகிடக்கும் அரைக்குழாயை மட்டும் மூடும் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துணுக்குகளை விலங்குகளில் சோதித்துப் பார்க்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இருப்பது அந்தத் திசையில். அப்பாவுக்கு நான் இன்று எழுதிக் கொடுக்கக்கூடிய சீட்டு அதில் எதுவுமில்லை.

இனி அடுத்த காரியம். இது கஷாயத்தைப் போலவே அவசரம். இரண்டு வருஷம் கழித்து எரிச்சல் புதிய இடத்துக்குப் பரவுகிறது, மரத்துப்போன எல்லை தொப்புளைத் தாண்டி மேலே ஏறுகிறது என்றால், கிளியல் செல்களைப் பற்றி யோசிக்கும் முன் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். அடிபட்ட தண்டுவடத்துக்குள் சில பேருக்கு மாதங்கள், வருஷங்கள் கழித்து நீர்க்குழி ஒன்று உருவாகி மேல்நோக்கி நீளும். சிரிங்கோமைலியா என்று பெயர். கழுத்து மட்டத்துக்கு ஏறினால் கையும் பலவீனமாகும். அதனால்தான் பொட்டாசியம் சரியாக இருந்தும் கை சோர்ந்தால் நாள் கடத்தவே கூடாது என்கிறேன். இருமினால், முக்கினால் வலி கூடுகிறதா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஈரத்துணியை வயிற்றில் கீழிருந்து மேலாக வைத்துக்கொண்டே வாருங்கள். குளிர்ச்சி தெரியத் தொடங்கும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, தேதி எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்கேனோடு இதையும் கொண்டுபோய், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நரம்பியல் அல்லது நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். போட்டோவைப் பார்த்தாலே அவர்களுக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

குழி எதுவும் இல்லை என்றாலும், வலி திடீரென்று கூடினால் வேறு காரணங்களையும் தேட வேண்டும்: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், பிட்டத்தில் தொடங்கும் படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம். இவை வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காது. பழைய எரிச்சலைக் கிளப்பிவிட்டுத்தான் தங்களைக் காட்டிக்கொள்ளும்.

சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அப்பா எவ்வளவு வாடியிருப்பார் என்று தெரிகிறது. அவர்களிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: தண்டுவடம் அடிபட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நாட்பட்ட வலி உண்டு. உணர்ச்சியற்ற பகுதியில் எரிச்சல் வருவது அதில் நன்றாக அறியப்பட்ட ஒரு வகை. வலி பிறக்கும் இடம் கால் இல்லை. காயத்தைச் சுற்றியுள்ள தண்டுவடமும் அதற்கு மேலே மூளையும். காலிலிருந்து செய்தி வராத நரம்புகள் தாமாகவே துடிக்கின்றன, மேலே நான் எழுதிய செல்கள் அதற்கு எண்ணெய் ஊற்றுகின்றன. அவர் நடிக்கவில்லை. மனசு வாடினால் வலி கூடும் என்பது உண்மைதான். ஆனால் இப்படிப் பேசிப் பேசியே மனசை வாடவைப்பவர்கள் அதைச் சொல்லக் கூடாது.

மருந்தைப் பொறுத்தவரை, காபாபென்டினை விட்டது தப்பான முடிவு என்று நினைக்கிறேன், ஆனால் காரணம் புரிகிறது. தொடக்கத்திலேயே பெரிய அளவு கொடுத்தால் யாருக்கும் தலை தொங்கிவிடும். ராத்திரி ஒரு சிறிய அளவில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றினால் பலருக்குத் தூக்கக் கலக்கம் பழகிப்போகும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத்தான் அளவு. சேராவிட்டால் பிரிகாபலின் உண்டு, அமிட்ரிப்டிலின் உண்டு. பின்னதைத் தொடங்கும் முன் ஈசிஜி வேண்டும், சிறுநீர் அடைக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும். எரிச்சல் பூஜ்யம் ஆகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். பத்துக்கு எட்டு என்று இருப்பது ஐந்துக்கு வந்து, ராத்திரி தூங்க முடிந்தால் அது நல்ல பலன். எதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1975-இல் தண்டுவடம் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே அங்கே மறுவாழ்வுப் பிரிவு உண்டு. ஒரு தடவை அப்பாவைக் கூட்டிப்போங்கள். பயிற்சியைவிட, அவரைப் போன்ற இன்னும் நாலு பேரோடு உட்கார்ந்து பேசுவது அவருக்கு நல்லது. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வழி உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, அம்மாவின் வெந்நீர்ப் பை. அதை எடுத்து ஒளித்துவையுங்கள். எரிச்சல் தெரியும் காலில் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்பளம் வந்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் பார்ப்பார்கள், அந்தப் புண் ஆற மாதங்கள் ஆகும். ஒத்தடம் கொடுக்காமல் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது என்றால், தினமும் ராத்திரி அப்பாவின் குதிகால், கணுக்கால், பிட்டம், வால் எலும்பு இருக்கும் இடம் எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துத் தடவிவிடச் சொல்லுங்கள். எங்காவது சிவந்திருந்து, விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்கவில்லை என்றால், சிவப்பு மாறும்வரை அந்தப் பக்கம் பாரம் படவே கூடாது.